வேலிக்கால் தரைமட்டத்தில் மட்டும் இற்றுப்போவது ஏன்? மரம் வாங்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால் போதும். தோட்டத்து வேலியில் எங்கோ ஒரு கால் சாயும். அது தனியாகச் சாயாது. முள்கம்பி ஒன்றோடொன்று இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால் பக்கத்தில் இருக்கும் இரண்டு, மூன்று கால்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு படுக்கும். மறுநாள் காலையில் யாரோ ஒருவருடைய ஆடு நிலக்கடலைக்குள் நிற்கும்.

விழுந்த காலைத் தூக்கிப் பார்த்தால் ஒரு வினோதம் தெரியும். மேலே இருக்கும் ஐந்தடியும் கட்டுறுதியாக இருக்கும். குழிக்குள் இருந்த அடிநுனிகூட பல நேரங்களில் ஓரளவு நன்றாகவே இருக்கும். நடுவில், மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு சாண் உயரம் மட்டும் பஞ்சு மாதிரி நொறுங்கிப் போயிருக்கும்.

அது ஏன்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் எந்த மரத்தை வாங்கலாம், எதை வாங்கினால் பணம் வீண் என்பது பாதி புரிந்துவிடும்.

மரத்தைத் தின்பது யார்?

"மரம் கெட்டுப்போச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் மரத்தைக் கெடுக்கும் ஆட்கள் மூன்று பேர். ஒன்று பூஞ்சை. மரம் மக்கி, நிறம் மாறி, விரலால் கிள்ளினால் பிய்ந்து வரும் நிலைக்குக் காரணம் இதுதான். இரண்டாவது கரையான். இது மண் சுரங்கம் கட்டிக்கொண்டு கீழிருந்து ஏறும். மூன்றாவது வண்டு. கம்பில் குண்டூசி அளவு ஓட்டைகளும் கீழே மாவு மாதிரி தூளும் தெரிந்தால் அது உளுத்துப்போகிறது என்று அர்த்தம்.

இவற்றில் வேலிக்காலை அதிகம் சாய்ப்பவை முதல் இரண்டும்தான். பூஞ்சை வளர அதற்கு உணவு, ஈரம், காற்று மூன்றும் ஒன்றாக வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் வளர முடியாது. அதனால்தான் தரைக்கு மேலே வெயிலில் காயும் பகுதி பிழைத்துக்கொள்கிறது. ஆழத்தில் மண் இறுகி, காற்று குறைவாக இருப்பதால் அடிநுனியும் மெதுவாகத்தான் கெடும். தரைமட்டத்தில் மட்டும் ஈரமும் உண்டு, காற்றும் உண்டு. பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

காற்று இல்லாவிட்டால் மரம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்குப் பழைய கிணறுகளே சாட்சி. கிணற்றின் அடியில் நெல்லிக்கட்டை போடும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் அந்தக் கட்டை பல தலைமுறைக்கு அப்படியே இருக்கும். நனைவதும் காய்வதுமாக மாறி மாறி இருக்கும் மரம்தான் சீக்கிரம் போகும். வேலிக்காலின் தலைவிதி அதுதான்.

பெயரை வாங்காதீங்க, வைரத்தை வாங்குங்க

மரக்கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வி "எந்த மரம்?" என்பது. அதைவிட முக்கியமான கேள்வி, "இதுல வைரம் எவ்வளவு?"

பல மரங்களின் அடியைக் குறுக்காக அறுத்துப் பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். நடுவில் அடர்ந்த நிறம், அது வைரம். சேகு என்றும் சொல்வார்கள். அதைச் சுற்றி வெளிறிய வளையம். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றியது அந்த வெளிறிய பகுதிதான். அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கும். வெட்டிய பிறகு பூஞ்சைக்கும் வண்டுக்கும் அது விருந்து.

மரம் வயதாக ஆக, நடுப்பகுதி தண்ணீர் ஏற்றும் வேலையை நிறுத்திவிடும். அப்போது அந்த இடத்தில் சில வேதிப்பொருட்களை மரமே சேர்த்து வைக்கிறது. தேக்கின் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாததற்கு அப்படிச் சேர்ந்த பொருட்களே காரணம். கறுத்த நிறம் வருவதும் இந்தச் சேமிப்பால்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. வெளிறிய பகுதிக்கு எந்த மரத்திலும் தாங்கும் சக்தி கிடையாது. தேக்காக இருந்தாலும் அப்படித்தான், வேம்பாக இருந்தாலும் அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு வயதில் தோப்பிலிருந்து கழித்து வெட்டப்பட்ட தேக்குக் கம்பில் பெரும்பகுதி வெளிறிய மரமாகவே இருக்கும். "தேக்குக் கம்பு சார்" என்று சொல்லி விற்பார்கள். பொய் இல்லை, அது தேக்குதான். ஆனால் மண்ணுக்குள் அது தேக்கு மாதிரி நடந்துகொள்ளாது.

எடையை வைத்து முடிவு செய்வதும் தப்பு. சவுக்கு நல்ல கனமான மரம், அடுப்பில் நின்று எரியும். தேக்கு அதைவிட லேசானது. ஆனால் மண்ணில் நட்டால் சவுக்கு சீக்கிரம் போய்விடும், முற்றிய தேக்கு நிற்கும். கனம் என்பது வலிமைக்கு அடையாளமாக இருக்கலாம். இற்றுப்போகாமல் இருப்பதற்கு அடையாளம் இல்லை.

இந்தியத் தர நிர்ணயம் என்ன சொல்கிறது?

மரம் மண்ணில் எத்தனை நாள் தாங்கும் என்பதை ஊகத்தில் சொல்ல வேண்டியதில்லை. அதற்கென்று ஒரு சோதனை இருக்கிறது. மரத்தின் வைரப் பகுதியிலிருந்து 60 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் கனம் உள்ள முளைகளைச் செதுக்கி, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வரிசையாக நட்டு வைப்பார்கள். எது எப்போது விழுகிறது என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முளைகள் வரிசையாக நிற்பது கல்லறைத் தோட்டம் போலத் தெரிவதால் இதற்குப் பெயரே கல்லறைச் சோதனை.

இந்தச் சோதனையை வைத்து இந்தியத் தர நிர்ணயம் மரங்களை மூன்றாகப் பிரிக்கிறது. சராசரியாக 120 மாதங்களும் அதற்கு மேலும் தாங்குபவை முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதத்துக்குள் போய்விடுபவை இரண்டாம் வகுப்பு. 60 மாதம்கூடத் தாங்காதவை மூன்றாம் வகுப்பு. தேக்கும் வட இந்தியாவின் சால் மரமும் முதல் வகுப்பில் வருகின்றன. மாமரமும் இலவமும் கடைசி வகுப்பு.

இந்த மாதக் கணக்கை அப்படியே வேலிக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. சோதனை முளை இரண்டு அங்குலம்தான். காலின் பருமன் கூடினால் ஆயுளும் கூடும். மண், மழை, கரையான் புற்று எல்லாவற்றையும் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும். எந்த மரம் எதைவிட மேல் என்ற வரிசையைத் தெரிந்துகொள்ள இந்த வகுப்புகள் உதவும்.

ஒரு ஏக்கர் கணக்கு

சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் சுற்றளவு சுமார் 835 அடி. எட்டு அடிக்கு ஒரு கால் என்றால் ஏறக்குறைய 104 கால்கள் வேண்டும்.

இரண்டு வருடத்தில் இற்றுப்போகும் மலிவான கம்பை நட்டால், 10 வருடத்தில் அந்த வேலியை ஐந்து முறை நட வேண்டியிருக்கும். அதாவது 520 கம்பு, 520 குழி. ஒவ்வொரு முறையும் கம்பியைக் கழற்றி மறுபடியும் இழுத்துக் கட்ட வேண்டும். 10 வருடம் தாங்கும் கால் என்றால் 104 குழியோடு வேலை முடிந்தது. கம்பின் விலை மூன்று மடங்கு என்றாலும் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் லாபம் எந்தப் பக்கம் என்பது தெரியும். கடப்பாரை பிடிக்க ஆள் கிடைப்பதே கஷ்டமாக இருக்கும் இந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் கையில் இருக்கும் காசுக்கு 104 நல்ல கால் வாங்க முடியாது என்றால்? அதற்கும் வழி உண்டு, பிறகு பார்க்கலாம். முதலில் நம் ஊரில் கிடைக்கும் மரங்கள்.

சவுக்கும் தைலமரமும்

கடையில் சுலபமாகக் கிடைப்பவை இவைதான். நேராக இருக்கும், ஒரே பருமனில் கிடைக்கும், விலையும் குறைவு. பிரச்னை என்னவென்றால், இவை காகித ஆலைக்காகவும் கட்டுமான வேலைக்காகவும் சில வருடங்களிலேயே வெட்டப்படும் மரங்கள். அந்த வயதில் வைரம் பாய நேரமே இருப்பதில்லை. பந்தல் போட, சாரம் கட்ட, வாழைக்கு முட்டுக் கொடுக்க சவுக்கை அடிக்க ஆள் இல்லை. மண்ணில் நிரந்தரமாக நட்டு வைக்க அது சரிப்படாது. மருந்து ஏற்றிய கம்பு என்றால் கதை வேறு, அதைக் கீழே பார்ப்போம்.

நாட்டுக் கருவேலம்

ஏர்க்கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் நம் முன்னோர் தேர்ந்தெடுத்த மரம் இது. வைரம் சிவந்த பழுப்பு நிறத்தில் இருக்கும், மண்ணில் நன்றாகத் தாங்கும். ஏரிக்கரைகளிலும் ஏரி உட்பகுதியிலும் வளர்ந்து நிற்கும். ஏரியில் இருப்பது அரசுக்குச் சொந்தம் என்பதால் ஏலத்தில் எடுத்தவரிடம்தான் வாங்க முடியும். பட்டா நிலத்தில் நாலைந்து நின்றால் அதிர்ஷ்டம்தான். பட்டையையும் அடியில் இருக்கும் வெளிறிய பகுதியையும் செதுக்கிவிட்டு நட வேண்டும். விட்டுவைத்தால் அந்த வளையத்தை வண்டு மாவாக்கிவிடும்.

சீமைக் கருவேலம்

பெயரைக் கேட்டாலே கோபம் வரும் மரம். நிலத்தடி நீர் பற்றிய வழக்கில் 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. அந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். வெட்டிய பிறகு அந்த மரம் என்ன ஆகிறது என்று பார்த்தால், ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் பெரும்பாலும் கரி மூட்டத்துக்குப் போகிறது.

உண்மையில் இதன் வைரம் அபாரமானது. அடர்ந்த செம்பழுப்பு நிறத்தில் இருக்கும் நடுப்பகுதியைப் பூஞ்சை அவ்வளவு சுலபத்தில் தொடாது. காயும்போது சுருங்குவதும் வெடிப்பதும் குறைவு. மஞ்சள் நிறமான வெளி வளையமும் மெல்லியதுதான். இதன் ஒரே குறை, நேரான கம்பு கிடைப்பது அரிது. வேலிக்கால் கதவு நிலை இல்லையே, கொஞ்சம் கோணினால் என்ன? காலடியில் கிடக்கும் மரத்தைக் கரியாக்கிவிட்டு, இரண்டு வருடம் தாங்காத சவுக்கைக் காசு கொடுத்து வாங்குவது யோசிக்க வேண்டிய விஷயம். நாலு அங்குலத்துக்கு மேல் பருமனுள்ள அடிமரமாகப் பார்த்து எடுக்க வேண்டும். விரல் தடிமன் மிலாறுகளில் வைரம் இருக்காது.

வேம்பு, மலைவேம்பு

"வேப்பமரம் கசப்பு, கரையான் வராது" என்பது ஊர் நம்பிக்கை. முற்றிய வேம்பின் வைரத்துக்கு இது பொருந்தும். கழித்துப் போட்ட வேப்பங்கிளையை அப்படியே நட்டால் பொருந்தாது. இன்னொரு குழப்பமும் உண்டு. பிளைவுட் ஆலைக்காக வளர்க்கப்படும் மலைவேம்பு வேறு மரம். வேகமாக வளரும், லேசாக இருக்கும். பெயரில் வேம்பு இருக்கிறதே என்று நம்பி மண்ணில் நட்டால் ஏமாற்றம்தான்.

பனை

மேலே சொன்ன எல்லா விதியும் பனையில் தலைகீழாகிவிடும். பனைக்கு உள்ளே வைரம் கிடையாது, வெளிப்பக்கம்தான் உறுதி. உள்ளே இருப்பது நார் நிறைந்த சோறு. தொல்காப்பியத்தின் மரபியல் இந்த வேறுபாட்டைத்தான் பேசுகிறது. உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும், வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் அது வகைப்படுத்துகிறது. இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரமாகத்தான் வைத்திருக்கிறது.

ஆகவே பனையை முழு உருளையாக நடுவதில் அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் சோறு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். முற்றிய மரத்தைப் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, கறுத்த வெளிப்பகுதியை மட்டும் பயன்படுத்த வேண்டும். தென்னையைப் பனைக்குச் சமமாக நினைக்க வேண்டாம். கூரைக்குக் கீழே நன்றாக இருக்கும், ஈர மண்ணில் நிற்காது.

பனையைத் தேடிப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. வேலிக்காக நிற்கும் பனையை வெட்ட நினைப்பது சட்டப்படியும் சரியில்லை, கணக்குப்படியும் சரியில்லை. காற்றில் விழுந்த மரமோ பழைய வீடு இடித்த வாரையோ கிடைத்தால் விட வேண்டாம்.

மருந்து ஏற்றிய மரம்: நல்லதா, ஆபத்தா?

இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. இதுவரை வேண்டாம் என்று சொன்ன வெளிறிய பகுதிதான் மருந்தை நன்றாக உறிஞ்சும். வைரம் மருந்தை உள்ளே விடாது. அதனால் மருந்து ஏற்றுவதற்கு இளம் சவுக்கு, தைலமரம் போன்ற உருண்டைக் கம்புகளே ஏற்றவை. சுற்றிலும் மருந்து ஏறிய வளையம் ஒரு கவசம் மாதிரி நிற்கும்.

உலகம் முழுக்கப் புகழ்பெற்ற மருந்து ஒன்று இந்தியாவில் பிறந்தது. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கலவை. டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் 1933-ல் இதை உருவாக்கியவர் சொண்டி காமேசன். அழுத்தத் தொட்டியில் வைத்து இதை மரத்துக்குள் செலுத்துவார்கள். மரம் லேசான பச்சை நிறத்துக்கு மாறும்.

கலவையில் ஆர்சனிக் இருப்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் வீட்டுத் தளம், விளையாட்டுச் சாதனம் போன்றவற்றுக்கு இந்த மரம் தயாரிப்பதை 2003 இறுதியோடு நிறுத்திக்கொண்டார்கள். பண்ணை வேலிக்கால்களுக்கு அங்கே விலக்கு உண்டு. நம் வீட்டில் கவனிக்க வேண்டியது இதுதான்: மருந்து ஏற்றிய மரத்தின் துண்டு, சில்லு எதையும் அடுப்பில் வைக்கக் கூடாது, வெந்நீர் போடவும் கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் வரும். கீரைப் பாத்தி ஓரத்திலும் மாட்டுத் தீவனத் தொட்டிக்கும் இதைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

வாங்கும்போது "மருந்து அழுத்தத்தில் ஏற்றியதா, சும்மா முக்கி எடுத்ததா?" என்று கேளுங்க. தூரிகையில் பூசியதும் பத்து நிமிடம் முக்கியதும் தோலோடு நின்றுவிடும். வாங்கிய பிறகு மண்ணுக்குள் போகும் முனையை அறுக்கவும் கூடாது. அறுத்தால் மருந்து ஏறாத உள்பகுதி நேராக மண்ணைத் தொடும். நீளம் அதிகமாக இருந்தால் மேல்முனையில் குறையுங்கள்.

வெண்காரமும் போரிக் அமிலமும் சேர்ந்த கலவையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். மூங்கிலுக்கும் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கும் அது நல்ல மருந்து, வண்டு வராது. ஆனால் தண்ணீரில் கரையக்கூடியது. மழையில் நிற்கும் வேலிக்காலிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும்.

ஊர் வைத்தியங்கள் வேலை செய்யுமா?

பழைய என்ஜின் ஆயில் பூசுவது பரவலான பழக்கம். மேலோட்டமாக ஒட்டிக்கொள்ளும், கொஞ்ச நாள் கரையான் ஒதுங்கும். ஆழமாக இறங்காது. மண்ணுக்கும் அருகில் கிணறு இருந்தால் தண்ணீருக்கும் அது கேடு. பரிந்துரைக்கத் தகுந்தது இல்லை.

அடிமுனையைத் தீயில் வாட்டிக் கருக்குவதும் உண்டு. கரி மக்காது என்பது உண்மைதான். ஆனால் கருகும்போது மேற்பரப்பில் வெடிப்பு விழும். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். பச்சைக் கம்பில் தார் பூசுவது இன்னும் மோசம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டு, உள்ளிருந்தே அழுகத் தொடங்கும். தார் பூசுவதாக இருந்தால் நன்றாகக் காய்ந்த கம்பில் பூச வேண்டும்.

கடலோரத்தில் படகுக்குப் பூசும் முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெய் பூச்சி, பூஞ்சை இரண்டுக்கும் எதிராக ஓரளவு வேலை செய்யும். முந்திரித் தொழில் நடக்கும் பகுதிகளில் கிடைக்கும். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்துவிடும் என்பது அங்கே வேலை செய்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அமாவாசையில் வெட்டினால் உளுக்காது என்ற நம்பிக்கைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. வெட்டிய கம்பைக் குளத்தில் ஊறப்போடும் பழக்கத்துக்கு ஆதாரம் இருக்கிறது. மாவுச்சத்து கரைந்து வெளியேறுவதால் வண்டு குறையும். ஆனால் அது பூஞ்சையைத் தடுக்காது. தலைகீழாக நட்டால் அழுகாது என்றும் ஒரு பேச்சு உண்டு. தடித்த அடிப்பக்கத்தில்தான் வைரம் அதிகம் என்பதால் அதை மண்ணுக்குள் விடுவதே சரி.

நடும் விதத்தில் பாதி ஆயுள் இருக்கிறது

பட்டையை முழுவதும் உரித்துவிட வேண்டும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையில்தான் ஈரமும் வண்டும் ஒளிந்துகொள்ளும். உரித்த கம்பை மண்ணில் படாமல் இரண்டு கட்டைகள் மேல் அடுக்கி, நிழலில் காய வைக்க வேண்டும். ஒன்றிரண்டு மாதம் காய்ந்தால் நல்லது.

ஏழடிக் கால் என்றால் இரண்டடிக்குக் குறையாத குழி வேண்டும். குழியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஜல்லி போட்டு அதன் மேல் காலை நிறுத்தினால் தண்ணீர் கீழே வடியும். பக்கத்தில் மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, கடப்பாரையால் குத்தி இறுக்கிக்கொண்டே வர வேண்டும். மேலே, காலைச் சுற்றி மண்ணைக் கூம்பாகக் குவித்துவிட்டால் மழைநீர் விலகி ஓடும். காலின் தலையையும் சாய்வாக அறுத்துவிடுங்கள், அதன் மேல் தண்ணீர் தேங்காது.

கான்கிரீட் போட்டால் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். மரம் காய்ந்து சுருங்கும்போது அதற்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் இறங்கும் தண்ணீர், அடியிலும் கான்கிரீட் இருந்தால், வெளியேற வழியில்லாமல் கிண்ணத்தில் நிற்பது மாதிரி நிற்கும். கட்டாயம் போட வேண்டும் என்றால் அடியைத் திறந்துவிட்டு ஜல்லி மேல் காலை நிறுத்தி, பக்கத்தில் மட்டும் போட்டு, மேற்பரப்பைச் சாய்வாகப் பூச வேண்டும்.

கரிசல் நிலத்தில் இது இன்னும் முக்கியம். அந்த மண் தண்ணீரை விடாது, கோடையில் வெடித்துக் காலையும் ஆட்டிவிடும். செம்மண்ணில் தண்ணீர் வடிந்துவிடும், அங்கே கரையான்தான் பெரிய தலைவலி.

எல்லாக் காலும் வைரமாக இருக்க வேண்டுமா?

காசு குறைவாக இருப்பவருக்கான வழி இங்கேதான். வேலியில் எல்லாக் காலுக்கும் ஒரே சுமை இல்லை. கம்பியின் இழுவையைத் தாங்குபவை மூலைக்கால்களும், கதவு மாட்டும் கால்களும், அவற்றுக்குக் கொடுக்கும் முட்டுகளும்தான். நடுவில் நிற்பவை கம்பியை உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். கையில் இருக்கும் நல்ல வைர மரம் முழுவதையும் மூலைக்கும் கதவுக்கும், நீண்ட வரிசையில் ஐந்தாறு காலுக்கு ஒன்று என்ற கணக்கிலும் போட்டுவிட்டு, இடையில் சாதாரணக் கம்பை நடலாம். நடுக்கால் ஒன்று போனாலும் வேலி படுக்காது. மாற்றுவதும் சுலபம்.

அந்த இடைவெளிக்கு இன்னொரு நல்ல தீர்வு உயிர்க்கால். செத்த மரம்தான் மக்கும். வேர்விட்ட மரம் மக்காது. கொங்கு நாட்டில் கிளுவை வேலி இன்றும் பல இடங்களில் நிற்கிறது. கல்யாண முருங்கை, பூவரசு, ஒதியன், சீமை அகத்தி எல்லாம் கிளையை நட்டாலே துளிர்ப்பவை. யாழ்ப்பாணத்தில் இப்படி வேலிக்கு நடும் கிளைக்குக் கதியால் என்று தனிப் பெயரே இருக்கிறது. மழை தொடங்கும்போது நட்டால் பிடித்துக்கொள்ளும், ஆட்டுக்குத் தழையும் கிடைக்கும்.

குறையும் உண்டு. முதல் வருடம் வேர் பிடிக்கும்வரை கம்பியை இழுத்துக் கட்ட முடியாது. வருடா வருடம் கழித்துவிட வேண்டும். நேராக ஆணி அடித்தால் சில வருடங்களில் மரம் கம்பியை விழுங்கிவிடும், ஆகவே நடுவில் ஒரு மரச்சில்லை வைத்து அதில் அடிப்பது நல்லது.

கல்தூண் மலிவாகக் கிடைக்கும் ஊரில் இந்த யோசனையே தேவைப்படாது என்பதும் உண்மை. கல் மக்காது, கரையானும் தின்னாது. ஆனால் ஏற்றி இறக்கும் செலவு அதிகம், மாடு வேகமாக மோதினால் முறியும், ஆணி அடிக்க முடியாது.

வேலியைப் போட்டபின்

மழைக்கு முன் வருடத்துக்கு ஒருமுறை வேலியைச் சுற்றி வந்தால் போதும். காலடியில் மண்ணை நாலு விரல் ஆழத்துக்கு விலக்கி, திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை அப்படியே உள்ளே இறங்கினால் அந்தக் காலின் கதை முடிந்தது. நங்கென்று நின்றால் இன்னும் நாள் இருக்கிறது. மண் சுரங்கம் ஏறியிருந்தால் தட்டிவிட்டு, அது எந்தப் புற்றிலிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

பிடுங்கிய காலை உடனே அடுப்புக்கு அனுப்ப வேண்டாம். கெட்டது ஒரு சாண்தான். அதை அறுத்து எறிந்தால் மீதியுள்ள நல்ல பகுதி முட்டுக்காலாகவோ காய்கறிப் பந்தலுக்கோ ஆகும். அறுத்த இற்றுப்போன துண்டை மட்டும் வேலியோரத்தில் போட்டுவிட்டு வராதீர்கள். அதில் ஏறிய கரையானுக்கு அடுத்த கால் எட்டடி தூரத்தில்தான் இருக்கிறது.